ஒன்பது வெடிக்கான கரி

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மதியம் ட்ரூடியின் வண்டி பனியை நசுக்கிக்கொண்டு வேட்டைக் குடிலின் முன்னால் வந்து நின்றது. ராய்ஸ் ஸ்டௌஃபர் அடுப்போரத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே சன்னல் வழியாகப் பார்த்தார். மனைவியின் அண்ணன் மகள். வடக்குப் பென்சில்வேனியாவின் அந்த மலைகளில் சக்கிமுக்கித் துப்பாக்கிக்காரர்களின் மான் வேட்டை அன்றுதான் தொடங்கியிருந்தது. அவள் வருவாள் என்று அவருக்குத் தெரியும். ஆனால் பின்சீட்டிலிருந்து கம்பளியில் சுற்றிய நீளமான ஒன்றை அவள் எடுத்தபோது அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"அப்பாவோடதா?" என்றார், கதவைத் திறந்துகொண்டே.

"ஆமா மாமா. மரம் வெட்டறவங்களுக்குப் பீச் மரப் பொந்துக்குள்ள கெடச்சுதுல்ல, அதான். போன வாரந்தான் போலீஸ்ல திருப்பிக் குடுத்தாங்க." அவள் அதை மேசைமேல் கிடத்தினாள். "பொந்துக்குள்ள வாய் கீழ பாக்க நிறுத்தி வெச்சிருந்தாராம். கால் ஒடிஞ்சு தவழ்ந்துட்டிருந்த மனுஷன், குழலுக்குள்ள பனி எறங்கிடக் கூடாதுன்னு பாத்திருக்காரு."

அவள் அப்பா எம்மெட் அப்படிப்பட்டவர்தான். போன வருடம் இதே நாள் வடக்குப் பள்ளத்துக்குள் சறுக்கி விழுந்தார். மூன்று நாள் கழித்துத்தான் உடலைக் கண்டெடுத்தார்கள்.

"நான் இதுல கை வெக்கல மாமா. கழுவும்போது பக்கத்துல நீங்க இருக்கணும்னு தோணுச்சு. ஒரு வெடி சுட்டாரா, பல வெடி சுட்டாரான்னு கரியப் பாத்தாலே தெரிஞ்சிடும்ல? உதவிக்குக் கூப்பிட்டுச் சுட்டிருந்தா யாருக்காவது கேட்டிருக்கும். நீங்க இங்கதான இருந்தீங்க, உங்களுக்கே ஒண்ணும் கேக்கலன்னா..."

"எதுக்கும்மா அதையெல்லாம் நீ பாத்துக்கிட்டு?" ராய்ஸின் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "நான் கழுவி வெக்கறேன். வெளிச்சம் இருக்கும்போதே போய் மரத்து மேல பரண் கட்டை ஆடுதான்னு பாத்துட்டு வா."

அவள் கொஞ்சம் தயங்கிவிட்டுப் போனாள்.

ராய்ஸ் கதவைத் தாழிட்டார். அவள் திரும்புவதற்குள் குழல் பளபளவென்று ஆகிவிட வேண்டும்.

முதலில் துடைகோலைக் குழலுக்குள் விட்டுப் பார்த்தார். தடையில்லாமல் அடிவரை போயிற்று. குண்டு இல்லை. ஆப்பைத் தட்டி எடுத்துக் குழலைக் கட்டையிலிருந்து பிரித்தார். கல்லை உரசித் தீப்பொறி எழுப்பும் பூட்டையும் கழற்றினார். கல் இருக்கும் இடத்துக்குக் கீழே, மருந்திடும் சின்னக் கிண்ணத்தில், தார் போலக் கரி கெட்டித்திருந்தது. அடுப்பிலிருந்து கொதிநீரை வாளியில் ஊற்றி, சோப்பைக் கரைத்து, குழலின் அடிப்பக்கத்தை அதில் நிறுத்தினார். துணித்துண்டைக் கோலின் நுனியில் மாட்டி மேலும் கீழும் இழுத்தார். பக்கவாட்டுத் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறி இறங்கியது.

அழுகிய முட்டை நாற்றம் எழுந்தது. வெடித்த கருமருந்தின் நாற்றம் அது. நாற்பது வருடமாக அவருக்குப் பழகியது. ஆனால் ஒரு வருடம் பொந்துக்குள் கிடந்த கரி இப்படி நாறாது. இது சற்றுமுன் சுட்ட நாற்றம்.

முதல் துணி மை போல வந்தது. அதை மேசைமேல் போட்டார்.

டும்.

வடக்கே எங்கோ. வேட்டைக்காலம்தானே, எவனோ சுடுகிறான். வேறு துணியை மாட்டி இழுத்தார். அதுவும் கறுப்பு.

டும்.

மூன்றாவது துணியைப் பாதி இழுத்து நிறுத்திக் காது கொடுத்துக் கேட்டார். எடுத்தார்.

டும்.

அதே பள்ளம்.

ராய்ஸ் அசையாமல் நின்றார். காடும் அசையவில்லை. கால் மணி நேரம் ஆகியிருக்கும், ஒரு வெடிகூட இல்லை. பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு நான்காவது துணியை உருவினார்.

டும்.

போன வருடமும் இப்படித்தான். அடுப்போரம் இதே நாற்காலி. முதலில் மூன்று வெடி, நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் மருந்து கெட்டிக்கும் நேரம் இடைவெளி விட்டு. மூன்று வெடி என்றால் 'வா' என்று அர்த்தம். அந்த மலையில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். வெளியே கண் தெரியாத பனி. முட்டியில் வலி. எம்மெட் மானைத்தான் துரத்துகிறான், பனி கொஞ்சம் விடட்டும், போகலாம் என்று இருந்துவிட்டார். மறுபடி மூன்று. இருட்டும் நேரத்தில் இரண்டு. வெகுநேரம் கழித்து ஒன்று. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. தேடவந்தவர்கள் கேட்டபோது, எதுவும் காதில் விழவில்லை என்று சொல்லிவிட்டார். ஒருமுறை சொன்ன பொய்யை மாற்ற முடியவில்லை.

தண்ணீரை மாற்றினார். வாளி மறுபடி கறுத்தது. ஐந்து. ஆறு. ஏழு. ஒவ்வொரு துணிக்கும் பள்ளத்திலிருந்து பதில் வந்தது. நிறுத்திவிடலாம். ஆனால் கரியோடு அவள் கையில் எப்படிக் கொடுப்பது?

எட்டு.

ஒன்பதாவது துணி சூடாக வந்தது. தண்ணீரின் சூடு அல்ல. விரலைச் சுட்டது.

இந்த முறை வெடிச்சத்தம் வரவில்லை. குழலின் வாயிலிருந்து ஆவி எழுந்து நின்றது, குளிரில் மூச்சு விடுபவனின் வாயிலிருந்து எழுவதுபோல. உள்ளே ஏதோ காற்றை இழுத்தது.

மெல்லிய குரல். தூரத்துக் குரல். ஆனால் குழலுக்குள்ளிருந்து.

"ராய்ஸ்... கேட்டுச்சா?"

குழல் அவர் கையிலிருந்து வாளியோடு சாய்ந்தது. கறுப்புத் தண்ணீர் பலகைத் தரையெங்கும் ஓடியது.

அப்போதுதான் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. "மாமா! ஏன் தாழ் போட்டிருக்கீங்க? என்ன சத்தம்?"

திறந்தார். ட்ரூடி தரையைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள். வரிசையாகக் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள். பன்னிரண்டு வயதிலிருந்து துப்பாக்கி கழுவுகிறவள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"ஒரு வெடிக்கு இவ்வளவு வராது மாமா."

"பழசும்மா. துருவோட சேர்ந்து..."

"கேட்டுச்சா?" என்றது குழல், தரையிலிருந்து. ட்ரூடி திரும்பவில்லை. அவளுக்கு அது கேட்கவில்லை.

"யாரு சுட்டாங்க இப்ப, அந்தப் பக்கம்?" ராய்ஸ் கேட்டார்.

"யாரும் சுடலையே. காடே செத்துக் கெடக்கு."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு!" ராய்ஸ் கத்தினார். தரையில், அந்தக் கறுப்புத் தண்ணீரிலேயே, உட்கார்ந்துவிட்டார். "கேட்டுச்சு ட்ரூடி. எனக்குக் கேட்டுச்சு. ஒம்பது வெடி. நான் போகல."

அடுப்பில் விறகு வெடித்தது. அவள் மேசைமேல் கிடந்த துணிகளை எண்ணினாள்.

"எவ்வளவு நேரம்?"

"மூணு மணிக்கு ஆரம்பிச்சு... இருட்டுன பொறகும்."

"அத்தைக்குத் தெரியுமா?"

அவர் தலையை ஆட்டினார், இல்லையென்று.

அவள் குழலை எடுத்தாள். புதுத் துணி ஒன்றை மாட்டி, அடிவரை விட்டு, மெதுவாக உருவினாள். துணி வெள்ளையாக வந்தது. அதை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினாள்; பிறகு மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். குழலுக்கு எண்ணெய் பூசிக் கட்டையில் பொருத்தி, பூட்டைத் திருகி, கம்பளியில் சுற்றிக்கொண்டு எழுந்தாள்.

"அத்தைகிட்ட நீங்களே சொல்லுங்க. இன்னிக்கே. இல்லேன்னா நான் சொல்வேன்."

வண்டி கிளம்பிப் போகும்வரை ராய்ஸ் எழவில்லை. பயம் விட்டுப்போனது போலத்தான் இருந்தது. சொல்லியாயிற்று. இனிமேல் என்ன? கோட்டை மாட்டிக்கொண்டு, வண்டிச் சாவியோடு வெளியே வந்தார். கடைசி வெளிச்சம். பனி பொழிய ஆரம்பித்திருந்தது.

சன்னலுக்குக் கீழே காலடிகள் தெரிந்தன.

ட்ரூடியின் காலடிகள் அல்ல. அவளுடையவை வாசலிலிருந்து பரண் மரத்துக்கும் வண்டிக்கும்தான் போயிருந்தன. இவை வடக்குக் காட்டிலிருந்து வந்திருந்தன. ஒரு பூட்ஸ் பதிவு. பக்கத்தில் இன்னொரு காலை இழுத்துக்கொண்டு வந்த நீளக் கோடு. சன்னலுக்கு வெளியே, உள்ளே அவருடைய நாற்காலி நேராகத் தெரியும் இடத்தில், வந்து நின்றிருந்தன.

திரும்பிப் போன தடம் இல்லை.

பூட்ஸ் பதிவுகளுக்கு நடுவே, பிறை போல, துப்பாக்கிக் கட்டையின் அடிப்பாகம் அழுந்திய குழி இருந்தது. மருந்து கெட்டிக்கும்போது அப்படித்தான் ஊன்றுவார்கள். குழியைச் சுற்றிக் கடுகு போலக் கருமருந்து சிந்தியிருந்தது.

பனி வேகமாகப் பொழிந்துகொண்டிருந்தது. அந்தக் கறுப்பு மணிகளின்மேல் மட்டும் இன்னும் ஒரு பனிப்பூகூட விழவில்லை.