ஒரு பூ குறைந்த படம்

தை மாதம் தொடங்கியதிலிருந்து ஜெனிதா பள்ளிக்கூடம் வரவில்லை. அவளுடைய இரத்தத்தில் ஒரு நோய். குணமாக்கலாம், ஆனால் காலம் எடுக்கும் என்று வகுப்பாசிரியை மாரித் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தார். சாருகாவுக்குப் பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. அந்தக் குளிர்நாட்டு வகுப்பில் அவர்கள் இருவர்தான் தமிழ்ப் பிள்ளைகள்.

சனிக்கிழமை சாருகா ரியூலிப் பூக்கள் வாங்கிக்கொண்டு அப்பாவுடன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பூக்களில் கிருமிகள் இருக்கலாம், உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று தாதி வாசலிலேயே தடுத்துவிட்டார். அப்பா பூக்களோடு வெளியே நின்றார். சாருகா முகக்கவசம் போட்டுக்கொண்டு தனியே உள்ளே போனாள்.

"உனக்குப் பூ வாங்கினனான். அப்பாவோட வெளியில நிக்குது."

"பாவம் மாமா," என்றாள் ஜெனிதா. "பூவைப் பிடிச்சுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நிப்பார்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு ஜெனிதா சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "என்ர கதிரையில ஆரும் இருக்கினமோ?"

"இல்லை."

"கொஞ்ச நாளில ஆரையும் இருத்திப் போடுவினம்."



அடுத்த வாரம் மாரித் பெரிய திரையில் ஒரு படம் காட்டினார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஒல்லாந்து நாட்டில் வரைந்த பூச்சாடி ஓவியம் அது. கறுத்த பின்னணியில் பூக்கள் நெருக்கியடித்து நின்றன. ஓர் இதழில் தண்ணீர்த் துளி. இன்னொன்றில் ஓர் ஈ. முன்வரிசையில் இருந்த எமில் அது உண்மையான ஈ என்று நினைத்து, எழுந்து போய்க் கொப்பியால் விசுக்கினான். வகுப்பே சிரித்தது.

"இந்தப் பூக்கள் எல்லாம் ஒரே மாதத்தில் பூக்கிறவை அல்ல," என்றார் மாரித். "ஒவ்வொன்றும் பூக்கும்வரை ஓவியர்கள் காத்திருந்து வரைவார்கள். ஓர் ஓவியருக்கு மஞ்சள் றோசா கிடைக்கவில்லை. அது வரும்வரை படத்தை முடிக்க முடியாது என்று, படம் கேட்டவருக்குச் சொல்லிவிட்டார்."

"வேறு பூவை வைத்திருக்கலாமே?" என்றான் எமில்.

"வைக்கலாம். அவர் வைக்கவில்லை."

பெற்றோர் கூட்டத்துக்காக வகுப்பும் அப்படி ஒரு பெரிய பூச்சாடியை வரையத் தொடங்கியது. ஒருவருக்கு ஒரு பூ. வியாழக்கிழமைக்குள் எல்லோரும் முடித்துவிட்டார்கள். படத்தின் நடுவில் ஜெனிதாவுக்கு விட்ட இடம் மட்டும் வெள்ளையாகக் கிடந்தது.

"நான் ஜெனிதாவுக்காக ஒன்று வரைகிறேன்," என்றான் எமில். "கீழே அவள் பெயரை எழுதலாம்."

நல்ல யோசனை என்று எல்லோரும் சொன்னார்கள். எமில் தூரிகையை எடுத்தும் விட்டான்.

"வேண்டாம்," என்றாள் சாருகா. "அது அவளுடைய இடம்."

"ஓட்டை விழுந்த மாதிரி இருக்கிறதே. பார்க்கிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள்."

"கேட்கட்டும். நான் பதில் சொல்கிறேன்."

எமில் மாரித்தைப் பார்த்தான். மாரித் அந்த வெள்ளை இடத்தைப் பார்த்தார். "அப்படியே தொங்கவிடுவோம்," என்றார்.

அன்று மாலை பெற்றோர் கூட்டத்தில், எதிர்பார்த்தபடியே, எல்லோரும் கேட்டார்கள். சாருகா படத்துக்குப் பக்கத்திலேயே நின்றாள். "ஒரு பூ இன்னும் வரவில்லை. அதற்காகக் காத்திருக்கிறோம்," என்றாள். கூட்டம் முடிகிற நேரத்தில் எமிலும் அவளுக்கு முந்திக்கொண்டு அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்தச் சனிக்கிழமை ஜெனிதாவின் தலையில் முடி இல்லை. எழுந்து இருக்கவும் முடியவில்லை. சாருகா படத்தைப் பற்றிச் சொன்னாள்.

"எவ்வளவு பெரிய இடம்?"

சாருகா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

ஜெனிதா அந்தக் கைகளையே பார்த்தாள். "நான் வராட்டி?"

சாருகாவுக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"அப்பவும் அதில வேற ஆரும் கீற மாட்டினம்."

ஜெனிதா கண்களை மூடினாள். நித்திரையாகிவிட்டாள் என்று சாருகா நினைத்தபோது, "சத்தம் போடாத. என்ன பூ கீறலாம் எண்டு யோசிக்கிறன்," என்றாள்.

பனி உருகியது. படம் சுவரில் அப்படியே இருந்தது.

கோடை விடுமுறை தொடங்குவதற்குச் சற்று முன், ஒரு காலை, தொப்பி போட்டுக்கொண்டு ஜெனிதா வகுப்புக்குள் வந்தாள். மெலிந்திருந்தாள். எமில் ஓடிப்போய் ஒரு கதிரையைக் கொண்டுவந்து படத்தின் முன்னால் வைத்தான். சாருகா நிறத்தட்டைப் பிடித்தாள். கை களைத்தபோதெல்லாம் ஜெனிதா ஓய்ந்திருந்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

சிவப்பாக, இதழ் இதழாக ஒரு பெரிய பூ விரிந்தது. வெயில் பட்டு மற்றப் பூக்கள் கொஞ்சம் வெளிறியிருந்ததால் அதுதான் எல்லாவற்றிலும் பளிச்சென்று தெரிந்தது.

எமில் தலையைச் சாய்த்துப் பார்த்தான். "உன் பூ என் ரியூலிப்பின் பாதியை மறைத்துவிட்டதே."

"என்ன செய்ய?" என்றாள் ஜெனிதா. "யோசிக்க எனக்குத்தானே நிறைய நேரம் இருந்தது."