லோயிஸுக்குத் தெரியாத பாதி

திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து லோயிஸ் சித்தூர் வீட்டுக்கு வந்து இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. மகள் கேசியா பூட்டைத் திறந்தாள். அடைத்துக் கிடந்த வீட்டின் புழுக்கத்தோடு தைல வாடையும் வந்தது. புருஷன் தேவானந்தம் முழங்காலுக்குத் தேய்த்த தைலம். ஆள் போய் இத்தனை மாதம் ஆகியும் வாடை போகவில்லையே என்று லோயிஸுக்கு எரிச்சலாக வந்தது.

புருஷன் செத்ததற்கு அவள் அழுதது ஊருக்காகத்தான். காலமெல்லாம் அடி வாங்கியவள், இனியாவது நிம்மதியாக ஒரு வாய் காப்பி குடிக்கலாம் என்றிருந்தாள். அதற்குள் மூளையில் ரத்த அடைப்பு. கண் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன, பின்மண்டையில் பார்வைக்கான இடம்தான் வலப்பக்கம் செத்துவிட்டது என்றார் டாக்டர். அதனால் எதைப் பார்த்தாலும் இடது பாதி இல்லை. ஆனால் அந்தப் பாதியில் அவர் பேனாவை நீட்டி, குத்துமதிப்பாகத் தொடச் சொன்னபோது அவள் கை சரியாகத் தொட்டது. மூளைக்குள் வேறொரு பழைய வழியும் இருக்கிறதாம். உங்களுக்குத் தெரியாதது உங்கள் கைக்குத் தெரிகிறது என்று சிரித்தார்.

பலமனேருக்குத் தன்னோடு வந்துவிடச் சொன்னாள் கேசியா. இப்போதுதான் இது என் வீடு என்று லோயிஸ் மறுத்துவிட்டாள்.

கூடத்தைக் கடக்கும்போது அவள் கால் தானாக வலப்பக்கம் ஒதுங்கியது.

இடப்பக்கம் தேவானந்தத்தின் பிரம்பு நாற்காலி கிடந்த இடம். அதைத்தான் எப்போதோ தூக்கிப் போட்டாயிற்றே.

விளக்கு வைத்ததும் குடும்ப ஜெபம். ஆளுக்கொரு வசனம் வாசிப்பது வழக்கம். அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஜெபம் நடத்தியவர், யார் ஒரு வார்த்தை விட்டாலும் கன்னத்தில் அறைவார். லோயிஸ் வேதாகமத்தை மடியில் விரித்தாள். வரியின் ஆரம்பம் அவள் கண்ணில் படவில்லை. முதல் வார்த்தை இல்லாமலே வாசித்தாள்.

அவள் இடது கை விருட்டென்று எழுந்து கன்னத்தை மறைத்தது.

தைல வாடை மிக அருகில் வீசியது.

"நைனாதான் போய்ட்டாரே, இன்னும் யாருக்கு பயந்துகினு கைய தூக்கற?" என்றாள் கேசியா மெல்ல.

செத்தவனுக்கு இன்னும் பயப்படுகிற தன் உடம்பின் மேல் லோயிஸுக்கு ஆத்திரம் பொங்கியது. கையை இறக்கி மடியில் அழுத்திக்கொண்டாள். அடுத்த வசனத்தை வேண்டுமென்றே முதல் வார்த்தை இல்லாமல் உரக்க வாசித்தாள்.

பளார்.

கேசியா எழுந்து நின்றுவிட்டாள்.

"அம்மா... கன்னத்துல இன்னா அது?"

லோயிஸ் சுவர்க் கண்ணாடியைப் பார்த்தாள். முகத்தின் வலது பாதி மட்டும் தெரிந்தது. அதில் ஒன்றுமில்லை. தெரியாத பாதிதான் தீயாக எரிந்தது.

கன்னத்தை மறைக்க அவள் இடது கை மறுபடியும் எழுந்தது.