நடுப்பாதைக்கு அந்தப் பக்கம்

"ஏங்க... இது ஆம்பளைங்க பக்கம்."

மழைக்கு ஓடிவந்து, கிடைத்த முதல் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்த சூர்யகலா திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் ஒருவன். பெரிய கண்கள்... மழையில் நனையாமலே நனைந்துவிட்ட கண்கள். அந்தக் கண்களுக்கும் அந்த வாய்க்கும் சம்பந்தமே இல்லை.

"கோயிலைப் பாட்டு மன்றமாக்கி ரெண்டு வருஷமாச்சுன்னு வாசல்ல போர்டு போட்டிருக்கே?"

"போர்டு மாறிடுச்சுங்க. ஜனங்க மாறல."

"அப்ப நீங்க ஜனமா, போர்டா?"

கேட்டுவிட்டு, அவள் ஈரப் புடவையை உதறிக்கொண்டு நடுப்பாதையைக் கடந்து பெண்கள் பக்கம் போய்விட்டாள்.

திண்டிவனத்தில் வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய தேவாலயம் அது. சபையார் புதிய கோயிலுக்குப் போய்விட, பழையது ஊருக்குப் பொதுவான இசை மன்றமாயிற்று. ஞாயிறு மாலை யார் வேண்டுமானாலும் வந்து சேர்ந்து பாடலாம். மேடையின் பின்னால் மன்றத் தலைவர் சீனுவாசனின் படம். படத்தை மறைக்காத மூலையில் ஓர் ஆர்மோனியம். 'இசைமாமணி' என்ற பட்டத்தை அவருக்கு வழங்கிய சங்கத்துக்கும் அவரே தலைவர். பாட்டு அரைமணி. அதற்கு முன் அவர் பேச்சு ஒருமணி. வலப்புறம் ஆண்கள், இடப்புறம் பெண்கள் என்பது மட்டும் மாறவில்லை. பக்கத்துக் கிராமமான பிரம்மதேசத்திலிருந்து வரும் விவசாயிகள்கூட அதைச் சங்கீதத்தின் விதி என்று நம்பிப் பிரிந்தே உட்கார்ந்தார்கள்.

சூர்யகலா ஞாயிறுதோறும் விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். சங்கீதப் பித்தெல்லாம் இல்லை. வெள்ளிக்கிழமை அலுவலகம் விட்டால் திங்கள்வரை அவள் குரலுக்கு வேலையில்லை. பால் கடையில் 'அரை லிட்டர்' என்பாள்... அவ்வளவுதான்.

அன்று எழுப்பிவிட்டவன் பெயர் ராயப்பன், மல்லாட்டை எண்ணெய்க் கடை, அதாவது கடலை எண்ணெய்க் கடை, வைத்திருக்கிறான் என்பதைப் பக்கத்தில் உட்காரும் பவுனு அத்தைதான் சொன்னாள். "அம்மா போனதிலேர்ந்து ஒண்டிக்கட்டை. கல்யாணப் பேச்சு எடுத்தாலே பேஜாரு பண்றான்."

அவன் மன்னிப்புக் கேட்டால் சிரிக்கலாம் என்று இவள் காத்திருந்தாள். இவள் சிரித்தால் கேட்கலாம் என்று அவன் காத்திருந்தானோ என்னவோ... கோடை போய் அடுத்த மழையும் வந்துவிட்டது.

கூடவே அண்ணனின் போன். "தனியா இருந்து என்ன பண்ணப்போற? வேலையை விட்டுட்டு இங்க வந்துடு." அண்ணிக்கு வேலை கிடைத்திருந்தது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அதற்குப் பாசம் என்று அண்ணன் பெயர் வைத்திருந்தார். திங்கட்கிழமை சொல்கிறேன் என்றிருந்தாள். சரி என்பதைத் தவிர வேறென்ன சொல்ல?

"இனிமே வரமாட்டேன் அத்தை. அண்ணன் வீட்டோட போயிடறேன்," என்றாள் அந்த ஞாயிறு. மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தக் கட்டடத்துக்கு ரகசியம் காக்கத் தெரியாது. சொன்னது கூரைவரை போய் ஆண்கள் பக்கம் இறங்கியது.

மேடையில் தலைவர், "இந்த இசைக்காக நான் இழந்தவை..." என்று கண்ணைத் துடைத்த நேரம், ராயப்பன் எழுந்து நடுப்பாதைக்கு வந்தான். சால்வைதான் வருகிறது என்று தலைவர் பேச்சை நிறுத்திக் கழுத்தைத் தாழ்த்தி நின்றார். ராயப்பன் இடப்பக்கம் திரும்பி, சூர்யகலா உட்கார்ந்திருந்த பெஞ்சருகே வந்தான்.

"டேய், பொம்பளைங்க பக்கம்டா!" என்றாள் பவுனு.

"தெரியும் அத்தை. கொஞ்சம் தள்ளு."

உட்கார்ந்தேவிட்டான்.

"அன்னிக்கு என்னை எழுப்பி விட்டீங்களே..." என்றாள் சூர்யகலா.

"பக்கத்துல வந்து உக்காந்தீங்களா... எப்படி மூச்சு விடறதுன்னே தெரியலைங்க. வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். அதிலேர்ந்து நாக்கைக் கடிச்சிக்கினு உக்காந்திருக்கேன்."

"இத்தனை நாளா?"

"வீட்ல பேச ஆளில்லைங்க. குக்கர் விசில் அடிச்சா 'இரு, வர்றேன்'னு அதுக்குப் பதில் சொல்லிக்கினு இருக்கேன். போவாதீங்க... என்னைக் கட்டிக்கோங்க."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"எங்க அண்ணன் மேலயும் கீழயும் குதிப்பாரு."

"குதிக்கட்டுங்க."

"அப்ப நாளைக்கு, வரலைன்னு சொல்லிடறேன்... ராயப்பன்."

பவுனு மோவாயில் கை வைத்தாள். "அடியாத்தி, கட்டிக்கப் போறவனைப் பேரு சொல்லிக் கூப்பிடறா பாரு!"

"கூப்பிடட்டும் அத்தை," என்றான் ராயப்பன். "அந்தப் பேரை வீட்ல கேட்டு எத்தினி நாளாச்சு..."