எழுபத்திரண்டு வரை எண்ணியவர்

காலை ஒன்பது மணிக்கு இதய டாக்டர் எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் ஈய அங்கியை மாட்டிக்கொண்டு ஆஞ்சியோ அறைக்குள் நுழைந்தார். மேசையில் படுத்திருந்தது சொந்த அண்ணன். செய்தால் தம்பிதான் செய்யவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்ற மனிதர். பாவம், போன மாதம் அதே மேசையில் நடந்தது அவருக்குத் தெரியாது.

இதய ரத்தக்குழாயின் அடைப்புக்குள் பலூனை ஊதியதும் டெக்னீஷியன் வினாடிகளை உரக்க எண்ணுவார். டாக்டர் "இறக்கு" என்று சொன்னால்தான் பலூனைச் சுருக்குவார். அதுவரை அந்தக் குழாயில் ரத்தம் ஓடாது. முப்பதுக்குள் சொல்லிவிட வேண்டும். போன மாதம் ஒரு தையல்காரர் படுத்திருந்தபோது, டாக்டர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ கல்யாண வம்பு அளந்துகொண்டிருந்தார். சொல்ல மறந்தார். டெக்னீஷியனோடு சேர்ந்து தானும் முணுமுணுவென்று எண்ணிக்கொண்டு வந்த தையல்காரர், எழுபத்திரண்டோடு நின்றுபோனார். "இதயம் ஏற்கெனவே பலவீனம்" என்று எழுதி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார் டாக்டர். டெக்னீஷியனும் வாய் திறக்கவில்லை.

"வலிக்குமாடா?" என்றார் அண்ணன்.

"லேசா அடைக்கிற மாதிரி இருக்கும். உடனே இறக்கிடுவேன்."

திரையில் பலூன் மெல்ல உப்பியது.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..." டெக்னீஷியன் எண்ணத் தொடங்கினார்.

ஏழில் டாக்டர் சட்டென்று தலையை நிமிர்த்தினார். எண்ணியது இரண்டு குரல்கள். இரண்டாவது குரல் மேசைக்கு அடியிலிருந்து வந்தது. வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு பேசும் குரல். மருந்து நெடியை மீறித் தையல் மிஷின் எண்ணெயின் வாடை எழுந்தது.

இருபது.

சொல்லிவிட வாயைத் திறந்தார். அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை.

முப்பது.

டெக்னீஷியன் அவர் முகத்தையே பார்த்தபடி எண்ணிக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"தம்பி, மூச்சு முட்டுதுடா."

டாக்டர் பாய்ந்து, பலூனை ஊதும் கருவியின் திருகைத் தானே திருப்பினார். பலூன் சுருங்கவில்லை.

நாற்பத்தைந்து.

"தப்பு என்னோடதுதான்," டாக்டர் குனிந்து மேசைக்கு அடியில் கிசுகிசுத்தார். "நான்தான் மறந்தேன். எங்க அண்ணன விட்டுடுங்க."

ஐம்பது.

பலூன் பொசுக்கென்று சுருங்கியது. எண்ணெய் வாடையும் போய்விட்டது. குழாயைத் திறந்துவைக்கும் ஸ்டென்ட் சரியாக உட்கார்ந்து, ரத்தம் தடையில்லாமல் ஓடியது. டாக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மதியம் வார்டில் அண்ணன் தலையணையில் சாய்ந்து சிரித்தார்.

"உன்கூட இன்னொருத்தர் இருந்தாரே, யாருடா அவரு? என் காதுக்குள்ளயே எண்ணினாரு. அம்பதுல நிறுத்திட்டாரு."

டாக்டர் கட்டிலருகே குனிந்தார். "வேற ஏதாவது சொன்னாரா?"

"மிச்சத்த உன் தம்பிகிட்ட எண்ணிக்கிறேன்னாரு."

டாக்டர் வெளியே வந்தார். நீண்ட நடைபாதையில் வெயில் விழுந்திருந்தது. ஆள் ஒருவரும் இல்லை. இடது மார்புக்குள் ஏதோ மெல்ல உப்புவதுபோல் இருந்தது.

காதருகே தையல் மிஷின் எண்ணெயின் வாடை.

"அம்பத்தொண்ணு."