இன்னும் கொஞ்சம் தேய்க்கணும்

கிட்டாரின் கம்பிகளைக் கழற்றிவிட்டு, அவை ஏறி உட்காரும் எலும்புத் துண்டைக் குறடால் பிடித்து இழுத்தபோது அது லேசில் வரவில்லை. முரண்டு பிடித்து ஒருவழியாக வந்தபோது, அடிப்பக்கம் ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தது. யாரோ பயன்படுத்திய பழைய சாமான்தானே, எங்கேயாவது மழையில் கிடந்திருக்கும் என்று சட்டையில் துடைத்துக்கொண்டான். அடிமாட்டு விலைக்கு வாங்கியது. மெருகேற்றிப் புதுக்கம்பி போட்டால் நல்ல லாபம். சாயங்காலம் வாங்க வருவதாகச் சொன்ன கிட்டார் வாத்தியாருக்குக் கம்பிகள் தாழ்வாக இருக்க வேண்டுமாம். அதற்கு இந்த எலும்பைத்தான் அடியில் தேய்க்க வேண்டும்.

உப்புத்தாளில் வைத்து நீளமாக ஓர் இழுப்பு இழுத்தான். பல் டாக்டர் அறையில் வருமே, அந்தத் தீய்ந்த நெடி எழும்பியது. எலும்பைத் தேய்த்தால் எப்போதும் வருவதுதான். ஆனால் இன்று அது திறந்திருந்த ஜன்னலை விட்டுவிட்டு, மேசையோடு ஒட்டி இறங்கி, கதவிடுக்கு வழியாகச் சமையலறைப் பக்கம் மெல்ல நகர்ந்தது போலிருந்தது.

"ஐயோ!" உள்ளே மனைவி கத்தினாள். "என்னங்க, திடீர்னு பல்லெல்லாம் கூசுது!"

"ஐஸ் தண்ணி குடிச்சிருப்ப. உன் வாய் சும்மா இருந்தாத்தானே?" என்று சொல்லிவிட்டு மறுபடி இழுத்தான்.

உள்ளே பாத்திரம் விழுந்து உருண்டது.

தற்செயல் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். ஆனால் சந்தேகம் என்று வந்துவிட்டால் அவனுக்குக் கை அடங்காது. மெதுவாக இழுத்தான், முனகினாள். அழுத்தி இழுத்தான், அலறினாள். நிறுத்தினான். அலறலும் நின்றது. அத்தோடு விட்டிருக்கலாம். நிச்சயமாகத் தெரிந்துகொள்ள இன்னொரு தடவை இழுத்தான், பாவி.

கன்னத்தைப் பொத்திக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்றாள். உதட்டோரம் ரத்தம். "உயிர் போகுதுங்க. ஏதாவது மாத்திரை வாங்கிட்டு வாங்களேன்."

சொல்லிவிடலாமா? சொன்னால் நம்பமாட்டாள். நம்பிவிட்டால், அந்தக் கடைசி இழுப்பு எதற்கு என்று கேட்பாள். எலும்பைப் பழைய இடத்திலேயே பொருத்தி, மேலே கம்பிகளை ஏற்றி முறுக்கினான். இத்தனை இறுக்கத்துக்கு அடியில் கிடந்தால் உப்புத்தாள் அதை அண்டாது. இதைவிடப் பத்திரமான இடம் வேறு எது? மருந்துக்கடைக்கு ஓடினான்.

திரும்பி வந்தபோது மேசை காலியாக இருந்தது.

"வாத்தியார் சீக்கிரமே வந்துட்டாருங்க." வலி விட்டிருந்தது, அவள் முகத்தில் பெருமை பொங்கியது. "நீங்க சொன்ன விலைக்கே தள்ளிட்டேன். கம்பி இன்னும் உயரமா இருக்காம். பரவாயில்ல, வீட்டுல மெஷின் இருக்கு, நானே தேச்சுக்கிறேன்னாரு."

போனை எடுத்து வாத்தியாரைக் கூப்பிட்டான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"ஏங்க, ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். எடு. எடுய்யா.

அவள் சிரிக்கப் போனாள். சிரிப்பு பாதியில் நின்றது. கண்கள் விரிந்தன. அலற வாயைத் திறந்தாள்.

அலறல் வரவில்லை. வாய்க்குள்ளிருந்து மெஷின் இரைச்சல் வந்தது. மேல்வரிசை, கீழ்வரிசை, எல்லாப் பற்களும் ஒரே மட்டமாக ஈறை நோக்கித் தேய்ந்துகொண்டு போக, அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகவாய் வழியாக வெள்ளைத் தூள் கொட்டிக்கொண்டே இருந்தது.