பதினெட்டு கிலோமீட்டரில் ஒரு எதிரொலி

மலைமேலிருக்கும் ஆய்வுக் குடிலுக்குள் நானும் என்னோடு வேலை செய்யும் சுன்னிவாவும் நுழைந்தபோது மதியம் பன்னிரண்டு. வெளியே கும்மிருட்டு. வடதுருவத்தை ஒட்டிய எங்கள் ஸ்வால்பார்ட் தீவில் அக்டோபரில் தொலைந்த சூரியன் பிப்ரவரியில்தான் தலைகாட்டும். வழக்கம்போல் பூட்ஸைக் கழற்றி வாசல் பலகையில் வைத்தோம். இரண்டு ஜோடி.

எங்கள் கருவி கால்மணிக்கு ஒருமுறை வானத்துக்கு ரேடியோ அலையை அனுப்பும். மேல்வளிமண்டலத்தில் பட்டு எதிரொலி திரும்பும். நூறு கிலோமீட்டருக்கு மேலிருந்துதான் வரும்.

"ஹோகன், இதப் பாருங்களேன். பதினெட்டு கிலோமீட்டர்ல ஏதோ வருது. பறவையா?"

"இந்த இருட்டுலயா? மெஷின் கோளாறா இருக்கும்."

ஐவிந்தை விறைத்த உடலாகக் கண்டெடுத்த இடம் இங்கிருந்து சரியாகப் பதினெட்டு கிலோமீட்டர்.

போன வருடம் இதே நாள். என் சிநேகிதன் ஐவிந்த் பனிவண்டியில் வந்துகொண்டே ரேடியோவில் தொணதொணத்தான். "டேய் ஹோகன், எனக்கு மீன் சூப்பு வெச்சிருக்கியா, இல்ல மொத்தத்தையும் நீயே முழுங்கிட்டியா?"

எரிச்சலில் ஒலியை அடக்கிவிட்டு வேலையில் மூழ்கினேன். வண்டி பழுதாகி இரண்டு மணிநேரம் அவன் என்னைக் கூப்பிட்டிருக்கிறான். பிறகு ஒலிப்பதிவில்தான் கேட்டேன்.

விசாரணையில், மேல்வானம் அன்று ரேடியோ அலைகளை விழுங்கிவிட்டது என்றேன். துருவத்தில் அப்படி நடப்பதுண்டு. அன்று நடக்கவில்லை. அதற்குச் சாட்சியாகத் தெளிவாக வந்திருந்த எதிரொலிகளையும் ஒலிப்பதிவையும் அழித்தது நான்.

அவன் மனைவி ராக்னில்ட் என் கையைப் பிடித்து அழுதாள். "நீங்க என்ன பண்ணுவீங்க? வானம் கொண்டுபோயிடுச்சு." பாவி நான், தலையாட்டினேன்.

அடுத்த கால்மணியில் பதினொன்று.

அதற்கடுத்து நான்கு.

நனைந்த கம்பளி நாற்றம் அறைக்குள் பரவியது.

"இது மேலேருந்து வரல," சுன்னிவா கிசுகிசுத்தாள். "தரையோட வருது."

"கோளாறுதான். அழிச்சிடு."

"பதிவப் போய் யாராவது அழிப்பாங்களா?"

நானே அழித்தேன். கைக்குப் பழகிய வேலை.

மறுபடி கால்மணி. திரையில் தூரம் பூஜ்யம்.

வாசல் பக்கம் ஏதோ தொப்பென்று விழுந்தது.

பிறகு இன்னொன்று.

போய்ப் பார்த்தோம். வெளிக்கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது. பலகையில் மூன்று ஜோடி. மூன்றாவதில் ஐவிந்தின் சிவப்பு நாடா.

"யாரோடது ஹோகன்?"



எங்கள் ஊரில், புறப்படப் போகிறவன் யாரும் பூட்ஸைக் கழற்றுவதில்லை.

இரண்டு மாதமாகிறது. ராக்னில்டிடம் இன்னும் சொல்லவில்லை. நான் தனியாக இருக்கும் என் வீட்டு வாசலில் இப்போது இரண்டு ஜோடி. கணப்பை எவ்வளவு கூட்டினாலும் சிவப்பு நாடா மேலிருக்கும் பனி உருகுவதில்லை.