சூடு ஆறாத ஜம்ப்சூட்

தேத்தண்ணி இடைவேளை முடிந்து திரும்பியபோது ஜெயமணியின் ஜம்ப்சூட் சூடாக இருந்தது.

மற்றவர்களுடையவை அதே வரிசையில், அதே குளிரில், உரித்த கோழித்தோல் போலச் சில்லிட்டுத் தொங்கின. கூரைச் சல்லடைகளின் வழியே ஓயாமல் இறங்கும் காற்றும் ஸ்பிரிட் வாடையும் அந்த உடை மாற்றும் அறையில் எதையும் சூடாக விட்டதில்லை, மனிதர்கள் உட்பட. இவளுடையது மட்டும் யாரோ இப்போதுதான் கழற்றி மாட்டியதுபோல உள்ளே வெதுவெதுப்பாக, லேசான ஈரத்துடன் இருந்தது.

“கலை, என் சூட்ட யாராச்சும் போட்டாங்களா?”

“ஒன் சைஸு யாருக்குக்கா சேரும்? ரெண்டு பேருக்குத் தச்சதுலா அது,” என்றாள் பக்கத்துக் கொக்கியருகே நின்ற கலைமகள், முகமூடியை முடிந்தபடி.

ஜெயமணிக்கு இது ஆறாம் மாதம், மூன்றாவது பிள்ளை. முதல் இரண்டும் வயிற்றில் தங்கவில்லை. அதனால்தான் லூபோக் சீனா என்ற ஊரின் தோட்டத்துக் கோயில் பூசாரியிடம் மந்திரித்து, மாமியார் பெத்தம்மாள் அவள் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தாள். பிள்ளையைக் காக்கும் கயிறு. “பெத்தெடுக்கிற வரைக்கும் கழட்டாத. கழட்டியே ஆகணும்னா சும்மா போடாத, எதுலயாச்சும் கட்டிப்புடு. அது எதையாச்சும் காத்துக்கிட்டே இருக்கணும்.”

கண்ணுக்குச் சொட்டு மருந்து செய்யும் அந்த ஆலையில் மனிதன்தான் அழுக்கு. அவனுக்குத் தோல் உதிர்கிறது, முடி உதிர்கிறது, வாயைத் திறந்தால் எச்சில் தெறிக்கிறது. மருந்தை அவனிடமிருந்து காப்பாற்ற அவனை உச்சி முதல் பாதம்வரை வெள்ளைத் துணியில் கட்டி உள்ளே அனுப்பினார்கள். பவுடர், பொட்டு, திருநீறு எதற்கும் அனுமதியில்லை. காலையில் லைன் லீடர் பரமேஸ்வரன் அவள் கையுறைக்குள் ஒரு புடைப்பைக் கண்டுபிடித்தான்.

“சாமி கயிறுண்ணே.”

“சாமியே வந்தாலும் சூட் போட்டாத்தான் உள்ள விடுவேன். ஒரு நூலு விழுந்தா பேட்ச் மொத்தமும் குப்பை. தேத்தண்ணிக்குப் போறப்போ கழட்டிடு. இல்லன்னா நாளையிலருந்து வராதலா.”

அதனால்தான் கழற்றினாள். லாக்கர் இரண்டு கதவுக்கு அப்பால், பின்னால் வரிசை நெருக்கியது. கையில் அகப்பட்டது சூட்தான். அதன் கழுத்துக்கு உள்ளே, கொக்கியில் மாட்டும் துணிக்காதில், கயிற்றைக் கட்டிவிட்டு வெளியே போனாள்.

மைலோவின் இனிப்பு இறங்கியதும் வழக்கமாக எட்டி உதைக்கும் பிள்ளை இன்று அசையவில்லை. தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது கயிற்றின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். ஈரத்தில் இறுகிக் கிடந்தது. கண்ணாடிக்கு அப்பால் பரமேஸ்வரன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். வேறு வழியில்லாமல் அந்தச் சூட்டுக்குள் காலை நுழைத்து, இழுத்து, ஜிப்பைத் தாடைவரை ஏற்றினாள்.

உள்ளே எல்லாம் வழக்கம்போல்தான் இருந்தது. குப்பிகள் கிணுகிணுத்தபடி வரிசையாக வந்தன, வெள்ளை உருவங்கள் நீருக்கடியில் இருப்பவர்கள்போல மெதுவாக நகர்ந்தன, தன் மூச்சு மட்டும் முகமூடிக்குள் சுற்றித் தன் காதிலேயே வந்து விழுந்தது. அப்போது பிள்ளை உதைத்தது. அவளுக்கு நிம்மதியில் கண் கலங்கியது.

இன்னொரு உதை.

வயிற்றுக்குள்ளிருந்து வரவில்லை. துணியிலிருந்து வயிற்றை நோக்கி வந்தது.

கையை வைத்துப் பார்த்தாள். சூட்டின் முன்பக்கம் உப்பிக்கொண்டு நின்றது. அதற்கும் அவள் தோலுக்கும் நடுவில் ஏதோ ஒன்று, சின்னதாக, சூடாக, இடம் மாறிப் படுத்தது. அவளுக்கு உள்ளே எதுவும் அசையவில்லை. கனமே இல்லை.

வெளியே போக வேண்டும். ஓடக் கூடாது, ஓடினால் தூசு கிளம்பும். நடந்தாள். ஒரு கதவு மூடினால்தான் அடுத்தது திறக்கும். நின்றாள். மாரியாத்தா, இதை மட்டும் விட்டுவிடு. கதவு மூடியது. பச்சை விளக்கு எரியவில்லை. ஒரு உதை. எரியவில்லை. எரிந்தது.

உடை மாற்றும் அறை. தலையுறையை உருவி எறிந்தாள். கையுறை. ஜிப். சூட் தரையில் படக் கூடாது என்று பழகிப்போன கை, அந்த நிலையிலும் அதைக் கொக்கியில் மாட்டியது.

பிறகு வயிற்றைத் தொட்டாள்.

தட்டை.

காற்சட்டையின் இடுப்பு இரண்டு பிடி தளர்ந்து தொங்கியது. ரத்தம் இல்லை. வலி இல்லை. பிள்ளையே வராத வயிறு.

சூட்டின் வயிறு உருண்டிருந்தது.

பாய்ந்து ஜிப்பைப் பிடித்து இழுத்தாள். ஒரு விரற்கடை இறங்கியது. உள்ளிருந்து மேலே ஏறிக்கொண்டது. மறுபடியும் இழுத்தாள். மறுபடியும் ஏறிக்கொண்டது, அவசரமில்லாமல்.

“குடுத்துடு,” என்றாள். யாரிடம் என்று தெரியவில்லை. “எம் புள்ள. குடுத்துடு.”

சுவரிலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. பரமேஸ்வரன் குரல். “ஜெயா, வெறுங்கையில சூட்டத் தொடாத. அழுக்காயிடும்.”

அவள் விடவில்லை. நகம் பிய்ந்தது. அந்த வெள்ளைத் துணிக்குள் ஒரு சின்னக் குதிகால் புடைத்து, அவள் உள்ளங்கையில் அழுந்தி, விலகியது.

கைகள் இல்லாத இரண்டு சட்டைக்கைகள் இருபுறமும் மெல்ல எழுந்தன. ஒன்று வயிற்றின்மேல். மற்றது வயிற்றின்கீழ். தாங்கிப் பிடித்துக்கொண்டு, கழுத்துக்குள் மஞ்சள் கயிற்றோடு, சூட் சுவர்ப்பக்கமாகத் திரும்பி நின்றது.